மிஷினுக்கு நெற்றி வைத்த கதை

விஜயதசமிக்கு மறுநாள் காலை எட்டு மணி இருக்கும். பல் விளக்கிக்கொண்டிருந்தேன். என் மனைவி போனைக் கொண்டுவந்து காதில் வைத்தாள். வத்தலக்குண்டில் நேந்திரம் சிப்ஸ் போடுகிறவர் பேசினார்.

“அண்ணே, மிஷினு ஓட மாட்டேங்குது. பச்ச லைட்டு எரியிது, பட்டன அமுக்குனா உம்முன்னு நிக்கிது. பூஜைக்கு முந்துன நாளு வரைக்கும் நல்லாத்தான ஓடுச்சு?”

“என்னத்தையாவது நோண்டுனீங்களா?” என்று கேட்டேன். யார் எதைச் சொன்னாலும் முதலில் அவர்கள்மேல் சந்தேகப்படுவது என் சுபாவம். நான் செய்த மிஷின் தானாகக் கெட்டுப்போகும் என்று என் மனம் ஒத்துக்கொள்ளாது.

“நாங்க ஒண்ணும் தொடலண்ணே. சாமி கும்புட்டதோட சரி.”

திண்டுக்கல்லில் வத்தலக்குண்டு சாலையை ஒட்டி எனக்கு ஒரு தகரக் கொட்டகைப் பட்டறை இருக்கிறது. ஒரு லேத், ஒரு வெல்டிங் செட், துளை போடும் மிஷின் ஒன்று, நான், என் மனைவி, அவ்வளவுதான். மனைவிக்கு வயரிங் வேலை என்னைவிட நன்றாக வரும். கேட், கிரில் என்று பத்து வருஷம் ஓட்டிய பிறகு, சொந்தமாக ஒரு பொருள் செய்து விற்க வேண்டும் என்ற ஆசை என்னைப் பிடித்துக்கொண்டது. அப்படிப் பிறந்ததுதான் காயும் பழமும் சீவும் அந்த மிஷின். முன்பக்கத்து வாயில் போட்டால் உள்ளே சுற்றும் தட்டிலிருக்கும் கத்திகள் சீவித் தள்ளிவிடும். வாழைக்காய், வெங்காயம், கொய்யா எதுவானாலும் சரி. அந்த வருஷம் ஐந்து மிஷின் விற்றிருந்தேன்.

அதில் ஒரு சென்சார் வைத்திருந்தேன். பழம் அடியில் உருண்டு போகும், கை மேலாக வரும். மேலாக வருவதை மட்டும் சென்சார் பார்க்கும். பார்த்த கணத்தில் மோட்டாரை நிறுத்தி, பிரேக்கையும் போட்டுவிடும். விற்கப் போகிற இடமெல்லாம் என் கையையே உள்ளே விட்டுக் காட்டுவேன். தட்டு டக்கென்று நிற்கும். சுற்றி நிற்கும் பெண்கள் ஐயோ என்று கண்ணை மூடுவார்கள், பிறகு சிரிப்பார்கள். அவர்கள் சிரித்துவிட்டால் மிஷின் விற்றது என்று அர்த்தம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதற்கு முந்தின வருஷம் கோயம்புத்தூரில் சிறுதொழில் செய்கிறவர்களுக்கென்று ஒருநாள் டிசைன் வகுப்பு நடந்தது. நல்ல சாப்பாடு, ஏசி அறை. வகுப்பெடுத்தவர், நம் ஊர்க்காரர்கள் பொருளை ஓட வைத்தால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள், பார்த்ததும் பிடிக்க வேண்டும், அதற்கு ஒரு முகம் வேண்டும் என்றார். நான் நோட்டில் எழுதி இரண்டு கோடு போட்டேன். ஊருக்கு வந்ததும் மிஷினுக்கு முகம் வைத்தேன். நீல பெயின்ட் அடித்த முன்தகடு, பச்சைக்கும் சிவப்புக்கும் இரண்டு விளக்குகள் கண்ணாக, கீழே வாய், விளக்குகளுக்கு மேலே நட்டநடுவில் பித்தளை வளையம் போட்டு சென்சாரின் வட்டக் கண்ணாடி. பார்த்தவர்கள் எல்லாம் அட என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

வத்தலக்குண்டுக்காரரிடம் வீடியோ கால் போடச் சொன்னேன். போனை மிஷின் முகத்துக்கு நேராகப் பிடித்தார். வட்டக் கண்ணாடியை நிறைத்துச் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். வளையத்தைச் சுற்றி ஒரு முழம் மல்லிகை வேறு.

என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த மனைவி சிரிக்க ஆரம்பித்தாள். “நீங்கதான் அம்புட்டு அழகா நெத்தி பண்ணி விட்டிருக்கீகளே, பொட்டு வைக்காம என்ன செய்வாக?”

சந்தனம் பூசியதும் சென்சாருக்கு எப்போதும் கை உள்ளே இருப்பதாகவே தோன்றியிருக்கிறது. அதனால் மிஷின் ஓட மறுத்துவிட்டது. ஈரத்துணியால் துடைக்கச் சொன்னேன். ஓடியது. நானும் சிரித்தேன். அடுத்த அரைமணி நேரத்தில் ஊருக்குள் வெங்காய வடகம் போடும் அம்மாவும், நிலக்கோட்டையில் மிஷின் வாங்கியவரும் அதே புகாரோடு கூப்பிட்டார்கள். நான்காவது ஆளை நானே கூப்பிட்டேன். அங்கேயும் அதேதான். துடைக்கத் துடைக்க மிஷின்கள் ஓடின.

ஐந்தாவது மிஷின் ஆயக்குடியில் இருந்தது. கொய்யா ஜாம் போடுகிற ஒருவர் வாங்கியிருந்தார். அவரிடமிருந்து போன் வரவில்லை என்பதே எனக்கு அப்போது பெரிதாகப் படவில்லை. எல்லோருக்கும் சொன்னதை அவருக்கும் சொல்லிவிடலாம் என்று கூப்பிட்டேன்.

“ஏனுங்க, நம்ம மிஷினு அருமையா ஓடுதுங்களே,” என்றார். பின்னால் பஸ் ஹாரன் கேட்டது.

“பூஜைக்கு அப்புறம் நிக்கலையா?”

“நேத்துக் காலைல நின்னுதுங்க. லோடு வந்து எறங்கிக் கெடக்குது, உங்கள எதுக்குத் தொந்தரவு பண்றதுன்னு நம்ம ஊரு வயர்மேனக் கூப்புட்டனுங்க. அவரு உள்ள ரெண்டு வயரச் சேத்து முறுக்கி உட்டாரு. இப்ப நிக்கறதே இல்லீங்க. முன்னெல்லாம் சும்மா சும்மா நின்னுக்கும், இப்பத் தொல்ல உட்டுதுங்க.”

எந்த இரண்டு வயர் என்று கேட்கவே வேண்டியதில்லை. சென்சாரை விலக்கிவிட்டு நேராக மோட்டாருக்குக் கொடுத்திருக்கிறார். இனி அந்த மிஷினுக்குக் கையும் ஒன்றுதான், கொய்யாவும் ஒன்றுதான்.

“அண்ணே, உடனே நிறுத்தச் சொல்லுங்க. இந்த நிமிசமே. கை போயிரும்.”

“நான் பழனியில பேங்க்குக்கு வந்துட்டனுங்க. செட்டுல பொம்பளைங்கதான் இருக்காங்க. கூப்புட்டுச் சொல்றனுங்க.”

“அவுக நம்பரக் குடுங்க.”

“வேல செய்யறப்பப் போனெல்லாம் பையில போட்டுத்தான் வெப்பாங்க. நாம்போயிச் சொல்றனுங்க, பயப்படாதீங்க.” போனை வைத்துவிட்டார். மறுபடி கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

அன்று பதினோரு மணிக்கு மதுரையிலிருந்து இரண்டு பேர் பட்டறைக்கு வருவதாக இருந்தது. மகளிர் குழுக்களுக்கு இருபது மிஷின் வேண்டும் என்று பார்க்க வருகிறவர்கள். ஆயக்குடிக்குப் போய்விட்டு அதற்குள் திரும்ப முடியாது. அவர்தான் சொல்லிவிடுவதாகச் சொன்னாரே, பழனியிலிருந்து ஆயக்குடி பக்கம்தானே என்று வாசலில் நின்று கணக்குப் போட்டேன். பத்து நிமிஷம் அப்படி நின்றிருப்பேன். அந்தப் பத்து நிமிஷத்துக்காக என்னை நானே இன்றுவரை மன்னிக்கவில்லை. மனைவிதான் பைக் சாவியை எடுத்து என் கையில் திணித்து, “வர்றவுகளுக்கு நான் காமிச்சுக்கிறேன், போங்க,” என்றாள்.

திண்டுக்கல்லிலிருந்து ஆயக்குடி ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். ரெட்டியார்சத்திரம் தாண்டுகிறவரை பைக்கை முறுக்கிக்கொண்டு போனேன். ஒட்டன்சத்திரம் மார்க்கெட் பக்கத்தில் தக்காளி லாரிகள் குறுக்கும் நெடுக்குமாக நின்றன. ஒரு லாரிக்காரர் பின்னால் எடுக்கிறேன் பேர்வழி என்று ரோட்டை அடைத்துக்கொண்டார். இறங்கிக் கத்தினேன். “ஏனுங்க, பொண்டாட்டிக்குப் பிரசவமுங்களா?” என்று கேட்டார் அவர். பதில் சொல்லாமல் சாக்கடைக்கும் டயருக்கும் இடையில் பைக்கை உருட்டிக்கொண்டு போனேன். நடுவில் மூன்று முறை ஆயக்குடிக்காரரைக் கூப்பிட்டேன். மூன்று முறையும் மணி அடித்து ஓய்ந்தது.

வழியெல்லாம் அந்த வயர்மேனைத் திட்டிக்கொண்டு போனேன். அரைகுறை, முட்டாள், இவனை எல்லாம் யார் வயரைத் தொடச் சொன்னது என்று ஹெல்மெட்டுக்குள் திட்டினேன். சத்திரப்பட்டி வரும்போது திட்டித் தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு வேறு மாதிரி யோசனை ஓடியது. அவர் ஊரில், அவர் கண்முன்னால், ஒரு மிஷின் காரணமில்லாமல் நிற்கிறது. பக்கத்தில் பழம் கனிந்து கிடக்கிறது. இன்று சீவாவிட்டால் நாளை குப்பை. ஓட வைக்கத்தானே அவரைக் கூப்பிட்டார்கள்? ஓட வைத்தார். நானும் ஆயுத பூஜைக்கு என் லேத்துக்குச் சந்தனம் வைத்தவன்தான். வெல்டிங் செட்டுக்கு வைத்தேன், துளை போடும் மிஷினுக்கு வைத்தேன். சரியாக நடுநெற்றி பார்த்துத்தான் வைத்தேன். எங்கள் ஊரில் ஒரு பொருள் விற்கப் போகிறவன், வருஷத்தில் ஒருநாள் அதன் முகத்தில் சந்தனம் அப்புவார்கள் என்று யோசித்திருக்க வேண்டாமா? யோசிக்கவில்லை. கோயம்புத்தூர் வகுப்பில் அதைச் சொல்லித் தரவில்லை. அது எனக்கே தெரிந்த விஷயம், யாரும் சொல்லித்தர வேண்டியதும் இல்லை.

அவருடைய ஜாம் கொட்டகை தென்னந்தோப்புக்குள் இருக்கிறது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, மூன்று பக்கம் சுவர். பைக்கை நிறுத்தும்போதே மோட்டார் சத்தம் கேட்டது. அவர் வந்து சொல்லவில்லை.

வாசலில் ஐந்தாறு பெண்கள் உட்கார்ந்து பழத்தைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே மிஷின் முன்னால் ஒரு பெண் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். மிஷினைக் கொண்டுவந்து இறக்கியபோது பார்த்த முகம்தான், முப்பத்தைந்து வயதிருக்கும். இடது கையால் கூடையிலிருந்து கொய்யாவை அள்ளி மிஷின் வாயில் போட்டாள். கனிந்த பழம் வழுக்காமல் ஒட்டிக்கொண்டது. வலது கையை உள்ளே விட்டுத் தள்ளினாள். முழங்கைவரை உள்ளே போயிற்று. வெளியே வந்தது. மறுபடி பழம், மறுபடி கை. அவசரமே இல்லை. உலக்கையைக் கை மாற்றிப் பிடிப்பதுபோல அவ்வளவு பழக்கமாகச் செய்துகொண்டிருந்தாள்.

கத்துவதற்கு வாயைத் திறந்தேன். கத்தினால் திரும்புவாள், தலை திரும்பும், கை அங்கேயே இருக்கும். வாயை மூடிக்கொண்டேன்.

நிறுத்துவதற்கு ஒரு சிவப்பு பட்டன் இருக்கிறது. ஓட்டுகிறவர் கைக்கு எட்ட வேண்டும் என்று மிஷினின் வலது பக்கத்தில் வைத்திருந்தேன். இவர்கள் இடம் போதவில்லை என்று மிஷினை வலது பக்கச் சுவரோடு ஒட்டித் தள்ளியிருந்தார்கள். அந்தப் பட்டனை அமுக்க வேண்டுமானால் அவள் தோளுக்கு மேலாகச் சாய்ந்து சுவருக்கும் தகட்டுக்கும் நடுவில் கையை விட வேண்டும். இல்லாவிட்டால் மெயின் சுவிட்ச். அது எதிர்ச் சுவரில் இருந்தது. அதற்கு முன்னால் பழக் கிரேட்டுகளை ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள்.

சுவரோரமாக நடந்து போய் மேல் கிரேட்டை இறக்கினேன். “யாருங்க அது?” என்று வாசலில் இருந்த வயதான பெண் எழுந்தாள். உதட்டில் விரலை வைத்துக் காட்டினேன். முன்பின் தெரியாத ஒருவன் உள்ளே நுழைந்து, சத்தம் போடாதே என்று காட்டினால் அவள் என்ன நினைப்பாள்? கையில் இருந்த கத்தியோடு என்னை நோக்கி வந்தாள். இரண்டாவது கிரேட்டை இறக்கினேன். மூன்றாவது. என் கை போகிற அளவு இடைவெளி வந்ததும் எட்டி லீவரைப் பிடித்துக் கீழே இழுத்தேன்.

மோட்டார் சத்தம் அடங்கியது. அந்த நிமிஷத்தில்தான் எனக்கு உறைத்தது. நான் போட்டிருக்கும் பிரேக்கும் கரண்டில் வேலை செய்வதுதான். கரண்ட் போனால் பிரேக்கும் போய்விடும். தட்டு சுற்றிய வேகத்துக்குச் சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். நாளுக்கு ஒருதரம் கரண்ட் போகிற ஊரில் இருந்துகொண்டு இதை நான் யோசித்ததே இல்லை.

“கரண்டு போயிருச்சாட்ட இருக்குது,” என்றாள் மிஷின் முன்னால் நின்றவள், யாரையும் பார்க்காமல். போனது போகட்டும், அடைத்திருப்பதை எடுத்துவிடலாம் என்று புடவையைச் செருகிக்கொண்டு நன்றாகக் குனிந்து கையை உள்ளே கொண்டுபோனாள்.

கிரேட்டுகளைத் தள்ளிவிட்டு எப்படி அங்கே போனேன் என்று தெரியாது. அவள் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். கண்ணாடி வளையல்கள் என் பிடியிலேயே நொறுங்கின. அவள் அலறினாள். பின்னால் எல்லோரும் அலறினார்கள். வயதானவள் என் சட்டைக் காலரைப் பிடித்து, “ஏண்டா, பொம்பள கையப் புடிக்கற, யார்ரா நீ!” என்று உலுக்கினாள். முதுகில் யாரோ அடித்தார்கள். நான் மணிக்கட்டை விடவில்லை. விடுவதற்குப் பயமாக இருந்தது. வாயில் ஒட்டிக்கொண்டிருந்த கொய்யா ஒன்று அந்த நேரம் தானாக வழுக்கி உள்ளே விழுந்தது. மோட்டார் இல்லாமல், விளக்கில்லாமல், சரக் சரக்கென்று அது சீவப்படும் சத்தம் கொட்டகை முழுக்கக் கேட்டது. துண்டுகள் அடியில் வந்து விழுந்தன.

காலரைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. தட்டு முழுதாக நின்றது. பிறகுதான் நான் கையை விட்டேன். அவள் மணிக்கட்டில் வளையல் கீறி ரத்தம் கசிந்தது. என் உள்ளங்கையிலும் கண்ணாடி.

“ஏனுங்ண்ணா, நீங்க மிஷின்கார அண்ணனுங்களா?” என்றாள் அவள். அடையாளம் தெரிந்துவிட்டது.

“ஏக்கா, ஓடுற மிஷினுல கைய விடுவாகளா?” என்று கத்தினேன். பயம் எனக்குக் கோபமாகத்தான் வரும்.

அவளுக்கு நான் கோபப்படுவது புரியவே இல்லை. “கைய உட்டா நின்னுக்கும்னு நீங்கதானுங்க காமிச்சீங்க? உங்க கைய உட்டுக் காமிச்சீங்களே. அதனாலதானுங்க உடறேன். இதுக்கு முன்னால குச்சியிலதான் தள்ளுவனுங்க.”

நான் அப்படியே கிரேட்டின்மேல் உட்கார்ந்துவிட்டேன். மிஷினைப் பார்த்து முன்பு பயப்பட்டிருக்கிறாள். குச்சி வைத்திருந்திருக்கிறாள். அந்தப் பயத்தை வாயால் பேசி, கையை விட்டுக் காட்டி, சிரிக்க வைத்து எடுத்தவன் நான்.

“நேத்து வயர்மேன் வந்ததுலேர்ந்து அது நிக்காதுக்கா,” என்றேன்.

அவள் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தாள். “அப்ப நேத்துலேர்ந்து நான் உட்ட கையெல்லாம்?”

“மிஷினு நிக்கல. நீங்கதான் தப்பிச்சிருக்கீக,” என்றேன்.

அவள் சுவரோரமாகப் போய் உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் முந்தானைக்குள் விட்டு மடியில் வைத்துக்கொண்டாள். வயதானவள் டீ ஊற்றிக்கொண்டுவந்து நீட்டினாள். அதை வாங்கக்கூட அவள் கையை வெளியே எடுக்கவில்லை. டம்ளர் பக்கத்தில் ஆறிப்போயிற்று.

உரிமையாளர் அரைமணி கழித்து வந்தார். வரும் வழியில் யாரோ பிடித்துக்கொண்டார்களாம். நான் அதற்குள் தட்டைக் கழற்றித் துண்டில் சுற்றியிருந்தேன். “ஏனுங்க, எம்பட மிஷினுங்க அது. நீங்க கழட்டிட்டுப் போனீங்கன்னா இம்புட்டுப் பழத்தயும் நான் என்னங்க பண்றது?” என்று குதித்தார். நியாயமான கேள்விதான். அன்றைக்கு அந்தப் பெண்களோடு உட்கார்ந்து நானும் சாயங்காலம்வரை கத்தியால் கொய்யா நறுக்கினேன். அவர் அதற்கப்புறமும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இரவு வீட்டுக்கு வந்ததும் மதுரைக்காரர்கள் என்ன சொன்னார்கள் என்று மனைவியிடம் கேட்டேன். “இது இன்னும் விக்கிற பதத்துக்கு வரலன்னு சொல்லி அனுப்பிச்சிட்டேன்,” என்றாள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. யாரைக் கேட்டுச் சொன்னாய் என்று கத்தினேன். அவள் என் கையில் கட்டியிருந்த துணியைப் பார்த்தாள், நான் நிறுத்திக்கொண்டேன். மறுநாள் முதல் மற்ற நான்கு இடங்களுக்கும் போய் நான்கு தட்டுகளையும் கழற்றிக்கொண்டு வந்தோம். திட்டு வாங்காத இடம் இல்லை.

புது மிஷின் செய்ய மாதக்கணக்கில் ஆயிற்று. முகத்தை எடுத்துவிட்டேன். சென்சாரையும் எடுத்துவிட்டேன். யாராவது துடைத்தால்தான் வேலை செய்யும், யாராவது வயரை முறுக்கினால் செத்துப்போகும் என்றால் அது காவல் இல்லை, காவல் இருப்பதாக ஒரு நினைப்பு. அதற்குப் பதிலாக வாயை நீளக் குழாயாக்கினேன். எவ்வளவு கையை நீட்டினாலும் விரல் தட்டைத் தொடக்கூடாது. முதலில் என் கை அளவுக்குக் குழாய் போட்டேன். மனைவி தன் கையை விட்டுப் பார்த்தாள். என் முழங்கை முட்டி நின்ற இடத்தைத் தாண்டி அவள் கை வழுக்கிக்கொண்டு போயிற்று. அத்தனை நாளும் பெண்கள் நிற்கப்போகிற மிஷினுக்கு என் கையை வைத்து அளவெடுத்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. அவள் தெருவில் பத்துப் பெண்களைக் கூப்பிட்டு டேப்பால் அளந்தாள். கரண்ட் போனால் தானாகக் கவ்விக்கொள்ளும் ஸ்பிரிங் பிரேக் போட்டோம். நிறுத்துவதற்கு முன்பக்கம் முழுக்க முட்டிக்கு நேராக ஒரு கம்பி, எங்கே நின்று இடித்தாலும் நிற்கும். எந்தச் சுவரோடும் ஒட்டித் தள்ளிக்கொள்ளலாம். தள்ளுவதற்கு ஒரு மரக்கட்டை. பார்ப்பதற்கு மகா கேவலமாக இருந்தது, புகைக்கூண்டு வைத்த தகரப் பெட்டி மாதிரி. கோயம்புத்தூரில் வகுப்பெடுத்தவர் பார்த்தால் எனக்குக் கொடுத்த சான்றிதழைத் திரும்ப வாங்கிக்கொள்வார்.

முதல் மிஷினை ஆயக்குடிக்குத்தான் கொண்டுபோனேன். டெம்போவிலிருந்து இறக்கி வைத்ததும் உரிமையாளர் சுற்றிச் சுற்றிப் பார்த்துத் தலையாட்டினார். மற்றப் பெண்கள் கிட்டே வந்தார்கள். அந்தப் பெண் மட்டும் சுவரோரமாக நின்றாள். அந்த நாளுக்குப் பிறகு அவள் எந்த மிஷின் பக்கமும் போவதில்லை, கையால்தான் நறுக்குகிறாள், வேலை பாதியாகிவிட்டது என்று உரிமையாளர் என்னிடம் முணுமுணுத்தார். அவள் வந்து நின்றால்தான் மற்றவர்களும் நிற்பார்களாம்.

குழாயைக் காட்டினேன். பிரேக்கைக் காட்டினேன். மெயினை அணைத்து, பிரேக் கவ்வித் தட்டு நிற்பதைக் காட்டினேன். என் கையை விட்டுக் காட்டவில்லை. ஸ்பிரிங் எங்கிருந்து வாங்கினேன் என்றுவரை பேசிக்கொண்டே போனேன்.

“அதெல்லாம் வேண்டாமுங்ண்ணா,” என்றாள் அவள் சுவரோரத்திலிருந்தே. “இது எப்பக் கைய வெட்டும்? அத மட்டும் சொல்லுங்க.”

எத்தனை ஊரில், எத்தனை பேர் முன்னால் மிஷினைக் காட்டியிருக்கிறேன். என்ன விலை என்று கேட்டிருக்கிறார்கள், எத்தனை கிலோ ஓடும் என்று கேட்டிருக்கிறார்கள். இதை ஒருவரும் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெட்டவே வெட்டாது என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. அவளுக்கு முன்னால் அது வரவில்லை. மிஷினை முன்னும் பின்னும் நடந்து பார்த்தேன். ஓடும்போது, அடைக்கும்போது, கரண்ட் போகும்போது என்று ஒவ்வொன்றாக யோசித்தேன்.

“சாயங்காலம் தட்டக் கழட்டிக் கழுவுவீகள்ல, அப்ப வெட்டும்,” என்றேன் கடைசியில். “கத்தி மூடாமத்தான் இருக்கு. வழுக்குச்சுன்னா வெட்டிரும்.”

“அப்ப அதயும் சரி பண்ணிட்டுக் கொண்டாங்க.”

“அக்கா, கத்தின்னா கழுவறப்ப வெட்டத்தான் செய்யும். உங்க வீட்டு அருவாமனைய நீங்க கழுவலையா?”

“கழுவறனுங்க. அது எங்கிட்ட வெட்ட மாட்டேன்னு ஒருநாளும் சொன்னதில்லீங்க.”

உரிமையாளர் அவளை அதட்டப் போனார். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். டெம்போக்காரர் அப்போதுதான் கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டுப் பீடி பற்ற வைத்திருந்தார். அவரைக் கூப்பிட்டு, ஒரு பக்கம் பிடிக்கச் சொன்னேன். மிஷினைத் தூக்கி மறுபடி வண்டியில் ஏற்றினோம்.